எட்டு நொடி அசையாமல்

ஆரணியில் இருந்த பழைய ஜாகீர் பங்களாவைப் படமெடுக்க ஃப்ளோரன்ஸும் அவள் கணவன் சத்தியராஜும் போய்ச் சேர்ந்தபோது பிற்பகல் மூன்று மணி. வெளியே வெயில் வெள்ளையாய் எரிந்தது. கதவைத் தள்ளியதும் வௌவால் எச்சத்தின் வாடை மூக்கில் ஏறியது. தெருவெல்லாம் கூடவே வந்த விசைத்தறிச் சத்தம் கூடத்துக்குள் கால் வைத்ததும் நின்றுபோனது.

ஜன்னலில் கொட்டும் வெயிலும் மூலையில் கிடக்கும் இருட்டும் ஒரே படத்தில் தெரிய வேண்டுமென்றால் ஒரே கிளிக்கில் ஆகாது. கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, அதே காட்சியை ஐந்து முறை எடுக்க வேண்டும். முதல் படத்தில் ஜன்னல் மட்டும் விழும். கடைசிப் படம் எட்டு நொடி கண் திறந்திருந்து இருட்டை முழுக்கக் குடித்துவிடும். பிறகு ஐந்தையும் லேப்டாப்பில் ஒன்றாக்குவாள்.

தூணின் உயரம் தெரிய ஓர் ஆள் நிற்க வேண்டும். அது எப்போதும் சத்தியராஜ்தான். ஆனால் அவனுக்குச் சும்மா நிற்க வராது. சர்ச்சில் ஜெபத்தின்போதுகூட அவன் கால் ஆடி பெஞ்சும் சேர்ந்து ஆடும்.

“ஆடாம நில்லுங்க.”

“கொசு புடுங்குதுமே. அதுங்கிட்ட சொல்லு.”

லேப்டாப்பில் அசைந்ததை அழிக்கும் வசதி ஒன்று உண்டு. ஐந்து படத்திலும் ஒரே இடத்தில் இருப்பதை வைத்துக்கொண்டு மற்றதைத் துடைத்துவிடும். தேவிகாபுரத்தில் ஒருமுறை அதைத் தெரியாமல் போட்டு இவனையே துடைத்துவிட்டாள். கட்டின புருஷனையே காணாமல் ஆக்கினவள் என்று ஒரு வாரம் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தான்.

ஐந்தும் எடுத்து, கடைசிப் படத்தைப் பெரிதாக்கினாள். சத்தியராஜ் வழக்கம்போல் புகையாய்க் கலங்கியிருந்தான். அவனுக்குப் பின்னால், மூலையில், ஒரு பெண் நின்றிருந்தாள்.

அவள் கலங்கவில்லை.

எட்டு நொடியில் முந்தானை நுனிகூட அசையவில்லை. மூச்சு விடுகிற எவரும் அப்படிப் படத்தில் விழ முடியாது.

ஃப்ளோரன்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். மூலையில் இருட்டு மட்டும்தான். சுவரின் கறையாக இருக்கும் என்று தனக்கே சொல்லிக்கொண்டு, மறுபடி ஐந்து எடுத்தாள்.

இந்த முறை படத்தில் அந்தப் பெண்ணின் கை சத்தியராஜின் தோளில் இருந்தது.

கத்தினால் அவன் பயந்துவிடுவான். அந்த உருவத்தை எப்படியாவது இல்லாமல் ஆக்கினால் போதும் என்று மட்டும் ஃப்ளோரன்ஸுக்குத் தோன்றியது. லேப்டாப்பைத் திறந்து, ஐந்தையும் சேர்த்து, அசைந்ததை அழிக்கச் சொல்லி அழுத்தினாள்.

அழுத்திய பிறகுதான் உறைத்தது.

அசைந்தது அந்தப் பெண் இல்லை.

திரையில் படம் மெல்லத் தெளிந்தது. தூண் இருந்தது. ஜன்னல் இருந்தது. அந்தப் பெண் இருந்தாள். சத்தியராஜ் இல்லை.

“என்னாங்க...”

“முடிஞ்சிதா?”

அவன் குரல்தான். தூணருகே அவன்தான் நின்றிருந்தான். கால் ஆடவில்லை. கன்னத்தில் ஒரு கொசு உட்கார்ந்திருந்தது. அவன் அதை ஓட்டவில்லை.

சேவூரில் தங்கள் வீட்டுக்கு வரும்வரை வண்டியில் பின்னால் உட்கார்ந்திருந்தவன் ஒருமுறைகூட அசையவில்லை. வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்தான். எப்போதும் கிரீச்சிடும் நாற்காலி சத்தமே போடவில்லை.

அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, அந்தக் கடைசி எட்டு நொடிப் படத்தைத் திறந்தாள். தூணருகே இப்போது அந்தப் பெண் இல்லை. புகையாய்க் கலங்கிய சத்தியராஜ் மட்டும் தனியாக இருந்தான். மூடிவிட்டுத் திறந்தாள். புகை தூணைவிட்டு விலகியிருந்தது. இன்னொருமுறை திறந்தாள்.

அவன் கேமராவுக்கு மிக அருகில் வந்திருந்தான். வாய் திறந்திருந்தது. இரண்டு கைகளும் அவளை நோக்கி நீண்டிருந்தன.

“அத்த அழிச்சிடுமே,” என்றது பின்னாலிருந்து, அவன் குரல், மெதுவாக. “நான் இங்கதான கீறேன்.”

ஃப்ளோரன்ஸ் லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பினாள்.

அவன் கன்னத்தில் அந்தக் கொசு இன்னும் உட்கார்ந்திருந்தது.