நூற்றுப்பத்துக்கு எழுபது

செவ்வாய்க்கிழமை பிற்பகல் நான்கு மணி சுமாருக்கு நானூற்றுப் பதினேழாம் எண்ணிலிருந்து ஓர் அளவு வந்து திரையில் உட்கார்ந்தது. நூற்றுப்பத்துக்கு எழுபது. பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி. பச்சை என்றால் எல்லாம் சரி, யாரும் யாருக்கும் போன் செய்ய வேண்டியதில்லை என்று அர்த்தம்.

கெசியா டீயைக் குடித்துக்கொண்டே அதைத் தாண்டி நான்கு வரி கீழே போய்விட்டாள். அப்புறம்தான் கை நின்றது. மேலே ஏறி மறுபடி பார்த்தாள். நானூற்றுப் பதினேழு, ரூபா. ரூபா செத்துப்போய் எட்டு மாதம் ஆகிறது.

ஓசூரில் பாகலூர் சாலையை ஒட்டி ஒரு மாடி வீட்டை வாடகைக்கு எடுத்து அந்த ஆய்வை நடத்திக்கொண்டிருந்தார்கள். கடைசி மாதங்களில் கர்ப்பிணிகளுக்கு ரத்த அழுத்தம் எகிறி, வலிப்பு வந்து, தாயும் பிள்ளையும் போய்விடுகிறார்களே, அதை முன்கூட்டியே பிடிக்க முடியுமா என்கிற ஆய்வு. சேர்ந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் ஓர் எண், ஒரு பி.பி. மெஷின். கையில் பட்டையைக் கட்டிப் பொத்தானை அழுத்தினால் போதும், அளவு தானாக ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு வந்துவிடும். கெசியா அங்கே நர்ஸ். மூன்று வருடம் ராயக்கோட்டை வரைக்கும் ஸ்கூட்டியில் அலைந்தவள், இப்போது அவளே எட்டு மாதம் என்பதால் நாற்காலி வேலை. கல்யாணமாகி ஆறு வருடம் கழித்துத் தங்கிய பிள்ளை. போன மாதம் தன்னையும் ஆய்வில் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

ரூபாவின் மெஷின் கெசியாவின் முதுகுக்குப் பின்னால் இருந்த இரும்பு பீரோவில்தான் இருந்தது. ரூபாவின் புருஷன் கொண்டுவந்து கொடுத்தபோது கையெழுத்துப் போட்டு வாங்கி, பேட்டரியைக் கழற்றிவிட்டு, உள்ளே வைத்துப் பூட்டியவள் கெசியாதான். எழுந்து போய்ப் பூட்டைத் திறந்தாள். எட்டு மாதம் அடைந்து கிடந்த ரெக்சின் வாசனை வரும் என்று எதிர்பார்த்தவளுக்கு, வெயிலில் பறித்துக் கூடையில் கொட்டிய தக்காளிச் செடியின் பச்சை வாசனை முகத்தில் வந்து மோதியது. ரூபாவின் கையில் எப்போதும் இருக்கிற வாசனை அது. மாமியார் வீட்டுத் தோட்டத்திலிருந்து அப்படியே எழுந்து வந்து கையை நீட்டுவாள், வளையல்கள் கலகலவென்று மணிக்கட்டுக்குச் சரியும்.

மெஷினில் பேட்டரி இல்லை. பட்டையைத் தொட்டாள். சூடாக இருந்தது, இப்போதுதான் ஒரு கையிலிருந்து அவிழ்த்த மாதிரி.

கம்ப்யூட்டர் கோளாறு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பீரோவைப் பூட்டினாள். யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல முடியாததற்குக் காரணம் இருந்தது.

மார்ச் மாதம் வளைகாப்பு முடிந்து ரூபா தாய்வீட்டுக்குப் போனாள். ஜூஜுவாடியைத் தாண்டி, கர்நாடகத்துப் பக்கம் ஏதோ கிராமம். போகிற அவசரத்தில் மெஷினை மாமியார் வீட்டு அலமாரியிலேயே விட்டுவிட்டாள். எல்லையைத் தாண்டிப் போய்விட்ட பெண்ணைத் தேடிப் போக ஆய்வு விதியில் இடமில்லை. 'தொடர்பு விட்டுப்போனது' என்று ஃபாரத்தில் எழுத வேண்டும். மாதம் ஐந்துக்கு மேல் அப்படிப் போனால் ஆய்வை நடத்துகிற டாக்டர் பிரவீனா கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் எழுப்பி நிற்கவைத்துக் கேட்பார். அந்த மாதம் கெசியாவின் பெயரில் ஒன்பது விட்டுப்போயிருந்தது. பத்தாவதாக ஒன்று வேண்டாமே என்று போன் போட்டாள்.

"நல்லா இருக்கல்ல ரூபா?"

"நல்லாத்தான் இருக்கறங்க்கா. தலை மட்டும் விண்ணு விண்ணுன்னு வலிக்குது. வெயில்ல பஸ்ல வந்தன்ல, அதான்."

"கால் வீக்கம்?"

"அது இருக்குதுங்க்கா."

"எல்லாத்துக்கும் வர்றதுதான். உப்பக் கொறச்சுக்க. சரி, நான் எழுதிக்கறன்."

சிக்னல் இல்லாத நாளுக்காக, அளவைக் கையால் ஏற்றவும் கம்ப்யூட்டரில் ஒரு வழி உண்டு. கெசியா ஏற்றினாள். நூற்றுப்பத்துக்கு எழுபது. யாரையும் பயமுறுத்தாத எண். பச்சைப் புள்ளி விழுந்தது. நாலு நாள் கழித்து ரூபாவுக்கு வலிப்பு வந்து, ஓசூருக்குக் கொண்டுவரும் வழியில், ஜூஜுவாடி நெரிசலில் வண்டிக்குள்ளேயே உயிர் போனது. வயிற்றுக்குள் இருந்த பெண்பிள்ளையும் பிழைக்கவில்லை. கடைசி வரைக்கும் அழுத்தம் சரியாகவே இருந்த அபூர்வமான கேஸ் என்று டாக்டர் பிரவீனா அதை வைத்து ஒரு கட்டுரையே எழுதி அனுப்பினார். கூட்டத்தில் அதை வாசித்தபோது கெசியாவும் மற்றவர்களோடு தலையாட்டினாள். அந்த மாதம்தான் அவளுக்கு நாள் தள்ளிப்போனது.

செவ்வாய் சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் கொலுசைக் கழற்றப் பார்த்தாள், கழற்ற முடியவில்லை. கால் அப்படி வீங்கியிருந்தது. தன் மெஷினை எடுத்துக் கட்டிக்கொண்டாள். நூற்றுப்பத்துக்கு எழுபது. நிம்மதியாக இருந்தது.

புதன்கிழமை காலை அதே எண். மாடிப்படியில் மூச்சு வாங்க இரண்டு முறை ஏறி இறங்கிவிட்டு வந்து கட்டினாள். அதே எண். நர்ஸ் வேலை பார்க்கிற யாருக்கும் தெரியும், ரத்த அழுத்தம் என்பது ஓரிடத்தில் நிற்கிற சமாச்சாரம் இல்லை. படி ஏறினால் ஏறும், படுத்தால் இறங்கும், டாக்டரைக் கண்டாலே பத்துப் பாயிண்ட் கூடும். ஒரே எண் மறுபடி மறுபடி வருகிறது என்றால், யாரோ உட்கார்ந்து எழுதுகிறார்கள் என்று அர்த்தம்.

புருஷன் ஸ்டெபின் அப்போதுதான் கம்பெனியில் நைட் ஷிஃப்ட் முடித்து வந்திருந்தான். அவன் கையில் கட்டினாள். நூற்று முப்பத்தாறுக்கு எண்பத்தெட்டு.

"ஏய், எனக்குத்தான் ஏறிக் கெடக்குது. நீ கல்லு மாதிரி இருக்கற" என்று சிரித்தான்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மறுபடி தன் கையில் கட்டினாள். பொத்தானை அழுத்தினாள். பட்டை இறுகுவதற்கு முன்பே எண் வந்துவிட்டது. அதற்கப்புறம்தான் மெஷின் கிர்ரென்று சத்தம் போட்டுக்கொண்டு காற்றை ஏற்றியது, நிதானமாக, ஒப்புக்கு. அந்தச் சத்தத்துக்கு அடியில் எங்கேயோ கண்ணாடி வளையல்கள் ஒன்றோடொன்று உரசுவது கேட்டது. கெசியா வளையல் போடுகிறவள் இல்லை.

வியாழன் முழுக்கத் தலைவலி. புருவத்துக்கு மேலே யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டே இருந்த மாதிரி. வெள்ளிக்கிழமை காலை குழம்பைக் கிளறும்போது கண்ணின் ஓரத்தில் மின்மினி பறந்தது. நூறு பெண்களிடம் அவளே சொல்லியிருக்கிறாள், கண்ணில் பொறி பறந்தால் ஒரு நிமிஷம்கூட நிற்காதே, ஓடிவா என்று. அடுப்பை அணைத்துவிட்டு ஓடினாள்.

டாக்டர் பிரவீனா பழைய பாதரச மெஷினை எடுத்து, கையால் பம்ப் அடித்து, ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டிக்கொண்டு மூன்று முறை பார்த்தார்.

"நூத்திப்பத்து எழுபது கெசியா. யூரின்லயும் ஒன்னுமில்ல. எதைச் சொல்லி உன்னை அட்மிட் பண்றது?"

"கண்ணுல பொறி பறக்குது மேடம். குழந்தை அசையறதுகூட கம்மியாயிடுச்சு."

"ஸ்கேன்ல நல்லாத்தானே இருக்கு." டாக்டர் அவள் தோளைத் தட்டினார். "நானூத்திப் பதினேழை நினைச்சுப் பயப்படறியா? அவளுக்கும் கடைசி வரைக்கும் நார்மல்தான், வாஸ்தவம். ஆனா அது லட்சத்துல ஒன்னு. இன்னொருக்கா நடக்காது."

இப்போது சொல்லிவிடலாம். ஒரே ஒரு வாக்கியம். மேடம், அந்த எண் நான் போட்டது, அவளுக்கு நார்மலாக இல்லை, தலைவலி என்றாள், கால் வீக்கம் என்றாள், நான்தான் எழுதவில்லை. சொன்னால் டாக்டர் எண்ணை நம்ப மாட்டார். ஆளைப் பார்ப்பார். பெட் கிடைக்கும். வேலை போகும், பேர் போகும், கட்டுரையும் போகும். வாய் வரைக்கும் வந்தது. சுவரில் மாட்டியிருந்த அந்தக் கட்டுரையின் முதல் பக்கத்தைப் பார்த்தாள்.

"ஒன்னுமில்ல மேடம். வெறும் பயம்" என்றாள்.

சனிக்கிழமை ஓசூரிலேயே இன்னொரு ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே அவளைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. வேறு மெஷின், வேறு கை, வேறு பேனா. அதே எண்.

ஞாயிறு சர்ச் முடிந்து வந்து படுத்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. வயிற்றின் மேல்பக்கம், விலா எலும்புக்குக் கீழே, திருகுகிற வலி. காலையிலிருந்து குழந்தை ஒரே ஒரு முறைதான் அசைந்தது. முகம் ஊதிக் கிடந்தது. ஸ்டெபினின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"பெங்களூர் கூட்டிட்டுப் போ. இங்க யாரு பார்த்தாலும் நார்மல்னுதான் சொல்லுவாங்க. இந்த ஊரத் தாண்டிட்டா சரியாயிரும்."

"சும்மா மனசப் போட்டுக் கொழப்பிக்காத" என்றாலும், அவன் சிநேகிதனின் காரை வாங்கிவந்தான். முன்சீட்டை நன்றாகச் சாய்த்து அவளைப் படுக்கவைத்தான். கையில் பட்டை, மடியில் மெஷின். வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்று அவனே கட்டிவிட்டான்.

ஊருக்கு வந்துவிட்டு பெங்களூர் திரும்புகிற ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் மொத்தமும் ஜூஜுவாடியில் தேங்கி நின்றது. ஆறு மணிக்கே நவம்பர் மாதத்துப் பனி இறங்கி, பிரேக் விளக்குகளின் சிவப்பு அதில் ஊறிப் பரவியிருந்தது. லாரிகளின் டீசல் வாசனை ஜன்னல் வழியாக வந்தது. ஜன்னலை ஏற்றினான். இப்போது வேறு வாசனை வந்தது. தக்காளிச் செடி.

"ஸ்டெபின்." நாக்கு தடித்துப்போயிருந்தது. "நான் ஒரு தப்பு பண்ணிட்டன். அந்த ரூபா…"

போன் அடித்தது.

ஸ்டெபின் எடுத்துப் பார்த்தான். "உங்க ஆபீஸ்." ஸ்பீக்கரில் போட்டான்.

ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் கிடையாது. அவளுக்கு அது தெரியும். பூட்டிச் சாவியைப் பையில் வைத்திருப்பவளே அவள்தான்.

"கெசியாக்கா இருக்காங்களா?" என்றது ஒரு பெண்குரல். பின்னால் வளையல்கள் கலகலத்தன.

பேசாதே. வை. வைத்துவிடு. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

"நான் அவங்க வூட்டுக்காரர் பேசறன் மேடம். ஞாயித்துக்கிழமைகூட வேலையா?"

"ஆமாங்கண்ணா. அக்கா எல்லையத் தாண்டிப் போறாங்கல்ல, அதான் கூப்புட்டன். நல்லா இருக்காங்கல்ல?"

எல்லையைத் தாண்டுவது அவளுக்கு எப்படித் தெரியும்? கேள் ஸ்டெபின். கேள்.

ஸ்டெபின் முன்னால் இருந்த லாரியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நல்லாத்தான் இருக்கறா மேடம். தலை மட்டும் வலிக்குதுங்கறா. காலையில சர்ச்சுல வெயில்ல நின்னாள்ல, அதான்."

"கால் வீக்கம்?"

"அது இருக்குதுங்க."

"எல்லாத்துக்கும் வர்றதுதான். உப்பக் கொறச்சுக்கச் சொல்லுங்க." காகிதத்தில் பேனா ஓடுகிற சத்தம், காதுக்குள்ளேயே எழுதுகிற மாதிரி. "சரிங்கண்ணா, நான் எழுதிக்கறன்."

போன் அணைந்தது.

"பார்த்தியா? வூட்டுல இருக்கறவங்கள விட உன் ஆபீஸ்காரங்களுக்கு அக்கறை ஜாஸ்தி" என்றான்.

கண்ணுக்குள் வெள்ளையாக வெடித்தது. மறுபடி. மறுபடி. தாடை பூட்டிக்கொண்டது. பல்லுக்கு நடுவே நாக்கு. விரல்கள் ஒவ்வொன்றாக உள்ளே மடங்கின. ஸ்டெபின் என்று கூப்பிட்டாள். வாயில் ரத்தம்தான் வந்தது. முதுகு வில்லாக வளைந்தது. வயிற்றுக்குள் பிள்ளை ஒரே ஒரு முறை உதைத்தது, பலமாக.

யாரும் பொத்தானைத் தொடவில்லை. கையில் பட்டை இறுகத் தொடங்கியது. கிர்ர். நிதானமாக. ஒப்புக்கு.

சத்தம் கேட்டு ஸ்டெபின் திரும்பினான். மெஷினைத்தான் பார்த்தான். நூற்றுப்பத்துக்கு எழுபது, பக்கத்தில் பச்சைப் புள்ளி. நிம்மதியாகத் தலையாட்டிவிட்டு, அவள் தூங்கட்டும் என்று ரேடியோவின் சத்தத்தைக் குறைத்து, மறுபடி ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான்.