பின் சீட்டில் ஏறிய பாரம்

சமதளமான ரோடு, இரண்டு பக்கமும் மழையில் ஊறிய நெல் வயல், மருந்துக்குக்கூட ஒரு மேடு கிடையாது. வண்டியில் ரோவேனாவைத் தவிர ஈ காக்கை இல்லை. ஆனால் இன்ஜின் மலையேறுகிற மாதிரி முனகிக்கொண்டு வந்தது.

மெக்கானிக் ஆயிற்றே, காதுதான் முதலில் பிடித்தது. அப்புறம்தான் டாஷ்போர்டில் மாட்டியிருந்த ஸ்கேனர் திரையைப் பார்த்தாள். இன்ஜின் எவ்வளவு காற்றை இழுக்கிறது என்று சென்சார் சொல்லும். அதைக் கேட்டுத்தான் வண்டியின் கம்ப்யூட்டர் பாரத்தைக் கணக்குப் போட்டு, அதற்குத் தகுந்த மாதிரி பெட்ரோல் விடும். காலையில் இதே ரோட்டில் பாரம் முப்பது சதவீதம் என்று காட்டியது. இப்போது ஐம்பது.

சென்சாரில் அழுக்கு சேர்ந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். வைப்பர் கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. கிளம்பி வந்த சாவு வீட்டின் மெழுகுவர்த்திப் புகையும் மல்லிகையும் சட்டையை விட்டுப் போவதாயில்லை.

சவப்பெட்டியில் கிடந்தவர் அவளுடைய மாமனார் செவெரினோ. ஆள் மலை மாதிரி. எப்போது ஏறினாலும் பின் சீட்டில் வலது பக்கம்தான் உட்காருவார், வண்டியே ஒரு பக்கம் சாயும். மகன் கப்பலில், மருமகள் கிரீஸ் கையோடு. பேரன் தோனியோவைத் தானே கூட்டிக்கொண்டு போய் வளர்ப்பதாக வருஷக்கணக்கில் நச்சரித்தார். கூட்டிக்கொண்டு போகாமல் விடமாட்டேன் என்று ஊர் கேட்கச் சத்தியமும் செய்தார். ரோவேனா ஒரு நாளும் மசியவில்லை. தோனியோ அவள் பிள்ளை, அவ்வளவுதான்.

சாவு வீட்டில் யாரும் வாசல் வரை வந்து வழியனுப்பமாட்டார்கள். நாத்தனார் நெனிதா உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள். "அண்ணி, நேரா வீட்டுக்குப் போயிடாதீங்க. வழியில கஞ்சிக் கடையில கொஞ்ச நேரம் உக்காந்து, சாவு வீட்லேர்ந்து கூட வர்றதை உதறிட்டுப் போங்க. அப்பா யாரைத் தேடுவாருன்னு உங்களுக்கே தெரியும்."

"உயிரோட இருந்தப்பவே அவருக்கு நான் வழிவிடலை. இப்பவா விடப்போறேன்?"

அந்த வீம்போடுதான் கஞ்சிக் கடையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தாண்டி வந்திருந்தாள்.

அறுபது.

ஓரமாக நிறுத்தினாள். மழை பிடரியில் வழிய, பானெட்டைத் திறந்து சென்சாரின் பிளக்கைப் பிடுங்கிப் போட்டாள். இன்ஜின் ஒரு குலுங்கு குலுங்கி நிதானித்தது. இனி கம்ப்யூட்டருக்குக் கண் கிடையாது. குருட்டாம்போக்கில் ஒரே எண்ணை வைத்துக்கொண்டுதான் பெட்ரோல் விடும். எண் அசையக் கூடாது. எத்தனையோ வண்டிகளில் பார்த்தாயிற்று.

கிளப்பினாள். அறுபத்தைந்து. எழுபது.

வண்டியின் பின்புறம் வலது பக்கமாகத் தாழ்ந்திருந்தது. மல்லிகைக்கு அடியில் இன்னொரு வாசம். அவருடைய சுருட்டு. பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் பார்த்தாள். சீட் காலி. ஆனால் வலது பக்க மெத்தை அமுங்கியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் கொஞ்சம் அமுங்கியது, வசதியாகச் சாய்ந்து உட்காருகிறவருக்கு அமுங்குவது போல.

பயந்தாள். பயத்தைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது.

"ஏறினது நீங்களா இருக்கலாம்," என்றாள் கண்ணாடியைப் பார்த்து. "ஓட்டுறது நான்."

வீட்டுக்குப் போகப் போவதில்லை. சந்தைக்குப் போவாள், ஜனக்கூட்டத்தில் நிறுத்துவாள், உதறிவிட்டுத்தான் திரும்புவாள். தோனியோ பக்கத்து வீட்டில் பத்திரமாக இருக்கிறான். ஒரே சங்கடம், சந்தைக்குப் போகும் வழி அவள் தெருமுனையைத் தாண்டித்தான் போகிறது.

தெருமுனை வந்தது. ஆக்சிலேட்டரை ஒரே மிதி. எண்பது. தொண்ணூறு. இன்ஜின் அலறியது. வண்டி நகரவே மறுத்தது. மிதித்தாள். மிதித்துக்கொண்டே இருந்தாள்.

சட்டென்று லேசானது.

வண்டி துள்ளிப் பாய்ந்தது. முப்பது. பின்பக்கம் நிமிர்ந்துவிட்டது. சுருட்டு வாசம் இல்லை. ஜெயித்துவிட்டேன் என்று வாய்விட்டுச் சிரித்தாள்.

அப்புறம்தான் உறைத்தது. எங்கே இறங்கினார்?

பிரேக். கண்ணாடி.

தெருமுனையில், மழையில், தோனியோ. அம்மா வண்டிச் சத்தம் கேட்டால் ஓடி வருகிறவன். ஒரு கையை உயரத் தூக்கியபடி, பெரியவர் விரலைப் பிடித்துக்கொண்டு நடப்பது போல, வயல் பக்கம் போய்க்கொண்டிருந்தான். பக்கத்தில் யாருமில்லை.

ஓடினாள். செருப்பு கழன்றது. ஓடினாள்.

"அம்மா, தாத்தா கூப்பிடுறாரு."

அவனுடைய இன்னொரு கையைப் பிடித்தாள். அந்தப் பக்கம் இழுபட்டது. தூக்கியிருந்த கை விறைத்து நீண்டது. பிள்ளை வலியில் வீறிட்டான். சேற்றில் காலை ஊன்றிக்கொண்டாள்.

"விடுங்க. இவன் என் புள்ளை."

இழுப்பு நிற்கவில்லை. பின்னால் ரோட்டில், கதவு திறந்தபடி, ஆளில்லாத வண்டி லேசாக உறுமிக்கொண்டிருந்தது.

அவளும் விடவில்லை.