பங்கு வைத்த மருந்து

நான்கு மணிக்கே மஞ்சு இறங்கித் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளை மூடியிருந்தது. கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு வந்த தாயம்மாள் பூட்டில் சாவியை நுழைத்தபோது உள்ளே யாரோ இருமினார்கள். வறண்ட இருமல் இரண்டு, சின்ன இடைவெளி, மறுபடி ஒன்று.

அது அவள் புருசன் ஆறுச்சாமியின் இருமல். அவனைப் புதைத்து ஏழு மாதமாகியிருந்தது.

சாவியைத் திருப்பக் கை வரவில்லை. சில்வர் ஓக் மரங்களிலிருந்து தகரக் கூரையில் சொட்டும் தண்ணீரும், ஃபேக்டரிப் பக்கமிருந்து வரும் வாட்டிய இலையின் மணமும், அடுத்த வீட்டு ஈரவிறகுப் புகையும் தினமும் போலத்தான் இருந்தன. அவற்றுக்கு அடியில், கதவிடுக்கு வழியே, அவள் மாதக்கணக்கில் கரைத்துக் கொடுத்த மருந்துப் பொடியின் புளித்த நெடி கசிந்துகொண்டிருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றாம் வருசம் அவனுக்குக் காசநோய் என்று தெரிந்ததும், எஸ்டேட் டிஸ்பென்சரி கம்பவுண்டர் லோயிஸ் வெள்ளை மாத்திரையும் பொடிப் பொட்டலமும் கொடுத்தார்.

“ரெண்டையும் சேர்த்துத்தான் குடுக்கோணும், தாயம்மா. ஒத்த மருந்துன்னா கிருமி அதுக்குப் பழகிக்கும். ரெண்டு பக்கமும் அடிச்சாத்தான் சாகும்.”

“சரிங்க.”

அதே வாரம், கூடவே குடியிருந்த தங்கை அங்கம்மா, முந்தானையில் துப்பிய ரத்தத்தைக் காட்டினாள். கல்யாணம் பேசி முடித்திருந்த நேரம். வெளியே தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டார் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். இருக்கிற மருந்தைத் தாயம்மாள் சோற்றைப் பங்கு வைப்பதுபோலப் பங்கு வைத்தாள்.

“மாமாவுக்கு நோகாம முழுங்கற மாத்திரை, எனக்கு இந்தப் புளிச்ச பொடியா? உன்ற நாயம் எப்பவும் இப்பிடித்தானக்கா” என்று அங்கம்மா சிரித்தாள்.

இரண்டு பேருமே தேறினார்கள். மூன்றாம் மாதம் நோய் திரும்பி வந்தது.

லோயிஸ் மாத்திரைப் புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அவனுக்கு ரெண்டையுந்தான குடுத்த?”

“ஆமாங்க.”

உண்மையைச் சொல்லியிருந்தால் வேறு மருந்துக்கு எழுதியிருப்பார். அங்கம்மா முதலில் போனாள். மூன்று வாரத்தில் அவன்.

உள்ளே இப்போது வேறோர் இருமல். சளி கரகரக்கும் ஈர இருமல், முடிவில் மெல்லிய விசில். அங்கம்மா.

மறுபடி அவன். மறுபடி அவள். மூச்சு விடக்கூட இடைவெளி இல்லாமல்.

பிறகு இரண்டும் சேர்ந்து.

ஒரே தொண்டையில்.

தாயம்மாள் பூட்டைத் திறந்தாள். இருட்டு. பின்கதவு காற்றில் ஆடியது. பள்ளிக்கூடத்தில் இருக்கவேண்டிய மகள் மூக்கம்மா, எட்டு வயது, மூலையில் கம்பளிக்குள் சுருண்டிருந்தாள். அப்பன் மடியில் உண்டவள். சித்தியின் கம்பளிக்குள் உறங்கியவள்.

பிள்ளை இருமினாள். வறண்டு இரண்டு. ஒன்று. ஈரம். விசில்.

“எத்தன நாளா, சாமி?”

தலைமாட்டில் அந்தப் பழைய பொடி டப்பா திறந்து கிடந்தது. உதட்டோரம் வெள்ளையாகக் கொஞ்சம் பொடி. மூக்கம்மா இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து அம்மாவிடம் நீட்டினாள். இரண்டிலும் சிவப்பு.

“இந்தப் பொடி சித்தி பங்கு. அப்பா பங்கு எங்கம்மா?”