மெல்ல அடி, வால்வே!

பிணத்தின் கழுத்தில் தங்கச் சங்கிலி மின்னியது.

நல்ல கனமான சங்கிலி!

வெள்ளைச் சேலை. நெஞ்சின் மேல் விரித்த பைபிள். அதன் மேல் கோத்த கைகள். அறுபது வயதிருக்கும். வாய் லேசாகத் திறந்திருந்தது.

அப்பாதுரை கட்டிலுக்கு இரண்டடி தள்ளி நின்று உச்சுக் கொட்டினான்.

'பாவம்... தூக்கத்திலேயே போயிருக்குது. நல்ல சாவு!'

செத்துத்தான் போயிருக்க வேண்டும். பின்பக்க ஜன்னல் கம்பியைப் பெயர்த்து அவன் உள்ளே குதித்தபோது, ஓரமாக இருந்த பித்தளைக் குடம் காலில் பட்டு உருண்டது. கோயில் மணியும் சர்ச் மணியும் சேர்ந்து அடித்த மாதிரி ஒரு சத்தம்! மூன்றாவது வீட்டு நாய் எழுந்து குரைத்தது. இந்த அம்மா எழுந்திருக்கவில்லை.

மத்தியான நேரம். கத்திரி வெயில். கரண்ட் வேறு இல்லை. சேலையூர் மொத்தமும் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருந்தது.

இந்த வீட்டை அப்பாதுரை நன்றாக நோட்டம் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தான். ஒரு அம்மா. ஒரு தம்பிக்காரர். கொடியில் காக்கிச் சட்டை காய்ந்தது. பஸ் கண்டக்டர் வீடு. காலையில் போனால் ராத்திரிதான் வருவார்.

செருப்பைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டான். மூச்சைப் பிடித்துக்கொண்டு பூனை மாதிரி நடந்தான். பிணமே ஆனாலும் தொழிலில் ஒரு ஒழுங்கு வேண்டாமா?

ஒரு சத்தத்தை மட்டும் அவனால் நிறுத்த முடியாது.

டப்... டப்... டப்...

அது அவன் நெஞ்சுக்குள்ளிருந்து வந்தது!

பல்லாவரம் மலையில் கல் உடைத்துக்கொண்டிருந்தவன் அவன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பெரிய ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் பிளந்து, கெட்டுப்போன இதய வால்வை எடுத்துவிட்டு, உலோக வால்வு ஒன்றை வைத்துத் தைத்தார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு 'டக்'!

"கனமான வேலை செய்யக் கூடாது" என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

லேசான வேலையாகத் தேடினான். பாறையைப் பெயர்ப்பதைவிட ஜன்னல் கம்பியைப் பெயர்ப்பது லேசு என்று தெரிந்தது.

ஆனால் சத்தமே போடக் கூடாத தொழிலுக்கு, சுவர்க்கடிகாரத்தை விழுங்கியவன் வந்தால் எப்படி? முதல் வீட்டிலேயே தூங்கிக்கொண்டிருந்த பெரியவர் எழுந்து உட்கார்ந்து, "யாரு அந்தக் கடியாரத்துக்குச் சாவி குடுத்தது?" என்று கத்தினார்.

அதற்குப் பிறகு சட்டைக்குள்ளே மூன்று துண்டை இறுக்கிச் சுற்றிக்கொண்டுதான் தொழிலுக்குக் கிளம்புவான். கொஞ்ச நாளாக நல்ல பலன். 'டக்' என்பது 'டப்' ஆகிவிட்டது. தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டான்.

ஒரே பேஜார், வேர்வை. வெயிலில் மூன்று துண்டு என்றால் சும்மாவா?

குனிந்தான். சங்கிலிக் கொக்கியில் விரலை வைத்தான்.

அவன் மூக்கு நுனியில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு சொட்டு, பிணத்தின் நெற்றியில் விழுந்தது.

பிணம் கண்ணைத் திறந்தது!

"ஐயோ...!"

அலறியது பிணம் அல்ல. அப்பாதுரை!

சட்டென்று ஒரு கை அவன் மணிக்கட்டைப் பிடித்தது. கல் குவாரியில்கூட அப்படியொரு பிடியை அவன் பார்த்ததில்லை.

"வாயை மூடு. ஈ போயிடும்" என்றாள் அந்த அம்மா.

"வுட்ரும்மா... வுட்ரு... தெரியாம வந்துட்டேன்..."

அவன் தலையைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தபடி முனகினான்.

"என் மூஞ்சியைப் பார்த்துப் பேசு! திருட வந்தா மரியாதை வேண்டாமா?"

பார்த்தான். அவளும் அவனைப் பார்த்தாள். பட்டன் போன சட்டைக் கழுத்து. அங்கே தொடங்கி உள்ளே இறங்கிப்போகும் நீளத் தழும்பு. அங்கேயே அவள் கண் நின்றது.

"வால்வு போட்டிருக்கா?"

அப்பாதுரைக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"உ... உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"முப்பது வருஷம் ஹார்ட் வார்டுல சிஸ்டரா இருந்தவ நான். தபீதாள் சிஸ்டர்னா பெரிய டாக்டரே எழுந்து நிப்பார். அது கிடக்கட்டும், கையில என்ன கீறல்?"

"உன் வூட்டு ஜன்னல் கம்பிதாம்மா. இப்பத்தான் கீசிச்சி. துருப்புடிச்சி கீது. ஒரு பெயிண்ட் அடிக்கக் கூடாதா?"

அவன் கையை இழுத்துக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள். கீறல் அதற்குள் காய்ந்து கோடாகியிருந்தது. அவள் நெற்றி சுருங்கியது.

"சட்டைக்குள்ள என்ன மூட்டை?"

"துண்டும்மா... வால்வு சத்தம் வெளிய கேக்கக் கூடாதுன்னு..."

தபீதாள் அந்த மூட்டையையும் கீறலையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்.

"சத்தம் சரியில்லையே!"

"இன்னா?"

"கணீர்னு அடிக்கணும். உனக்கு மந்தமா அடிக்குது. வால்வுல ரத்தம் கட்டிக்கிட்டு வருது."

அப்பாதுரை சிரித்தான். சிரிப்பு பாதியில் இருமலானது.

"நல்லா ரீல் வுடறியே சிஸ்டர்! மூணு துண்டு கட்டிகினு கீறேன். மந்தமாத்தானே கேக்கும்?"

"அப்ப அவுத்துட்டுக் கேளு."

இன்னொரு கையால் அவிழ்த்தான்.

முதல் துண்டு... இரண்டாவது... மூன்றாவது...

அவன் குடிசை ரயில் பாதையை ஒட்டி இருந்தது. மேலே ஏரோப்ளேன், பக்கத்தில் எலக்ட்ரிக் ட்ரெயின். அங்கே பெண்டாட்டி திட்டுவதே கேட்காது. தன் நெஞ்சை அவன் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

இங்கே ஃபேன்கூட ஓடவில்லை. மூச்சைப் பிடித்துக் கேட்டான்.

டப்... டப்... டப்...

துண்டு இல்லை. ஆனாலும் டப்!

அவன் முகத்திலிருந்த ரத்தமெல்லாம் இறங்கியது. கல் உடைத்தவனுக்கு இது தெரியும். நல்ல பாறை சுத்தியல் பட்டால் கணீரென்று பேசும். உள்ளே கெட்டுப்போன பாறைதான் இப்படி முனகும்.

"சிஸ்டர்..."

"மாத்திரை போடறியா?"

அப்பாதுரை தரையைப் பார்த்தான்.

"ரத்தம் உறையாம இருக்க தினமும் ஒரு மாத்திரை போடச் சொல்லியிருப்பாங்க. உயிர் இருக்கிறவரைக்கும் நிறுத்தக் கூடாதுன்னும் சொல்லியிருப்பாங்க. போடறியா இல்லையா? மேலே பார்த்துச் சொல்லு!"

"நிறுத்திட்டேன்."

"ஏன்?"

"தொழிலுக்கு ஒத்து வரலை சிஸ்டர்."

"என்னது?"

"அத்தத் துன்னா சின்னக் கீறல்கூட நிக்காம ஒழுவுது! பெருங்களத்தூர்ல ஒரு வூட்ல இதே மாதிரி கம்பி கீசிச்சி. ஹால்லேந்து சமையல் ரூம் வரிக்கும் செவப்புக் கோலம் போட்டுகினே போயிருக்கேன். போலீஸ் நாய்க்கு மோப்பமே தேவப்படலை. வேடிக்கை பாத்துகினே நடந்து வந்துச்சி! ஏரியில குதிச்சித் தப்பிச்சேன். அன்னிக்கி நிறுத்துனதுதான்."

தபீதாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"மாத்திரையை மறந்தவனைப் பார்த்திருக்கேன். வாங்க வழியில்லாம விட்டவனைப் பார்த்திருக்கேன். தடயம் விழுமேன்னு நிறுத்தினவனை இப்பத்தான்டா பார்க்கறேன்! மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குதா?"

"மாடிப்படி எங்க ஏறுறேன்? செவுரு ஏறுனா வாங்குது."

"எத்தனை நாளா?"

"பத்து நாளா கீது. வயசாவுதுன்னு நெனச்சிகினேன்."

"அந்தக் கட்டி இன்னும் கொஞ்சம் பெருசானா வால்வு கதவு திறக்காது. அதோட கதை முடிஞ்சுது. ஒரு துண்டு பிச்சுக்கிட்டு மூளைக்குப் போச்சுன்னா கை கால் ஒரு பக்கம் விழுந்துடும்."

"எந்தப் பக்கம்?"

"ஏன், எந்தக் கையால திருடுவே?"

அப்பாதுரைக்கு அதற்கு மேல் நிற்கத் தைரியம் இல்லை. கையை உதறிக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினான். ஒரு காலைத் தூக்கி வைத்தான். அவ்வளவுதான்!

நெஞ்சின் மேல் யாரோ பாறையை உருட்டிவிட்ட மாதிரி மூச்சு நின்றது. கண் இருட்டியது. பித்தளைக் குடத்தின் மேலேயே சரிந்தான். குடம் இரண்டாம் தடவை மணியடித்தது.

"சிஸ்டர்... காப்பாத்து சிஸ்டர்... எம் பொஞ்சாதி கனகவல்லி... நான் மறைமலை நகர்ல வாட்ச்மேன்னு நெனச்சிகினு கீறா... ரெண்டும் பொட்டப் புள்ளைங்க... பெரியவளுக்கு இப்பத்தான் பேசவே வருது..."

தபீதாள் ஹாலுக்குப் போய் போனை எடுத்தாள். நம்பரைச் சுழற்றினாள். கொஞ்ச நேரம் சும்மா நின்றாள். பிறகு ஆங்கிலத்தில் படபடவென்று ஏதோ சொன்னாள். மறுபடி அதையே இன்னொரு தரம் சொன்னாள். மறுமுனை என்ன சொல்கிறது என்றுகூடக் காத்திராமல் வைத்துவிட்டாள். 'வெரி சீரியஸ்' மட்டும் அப்பாதுரைக்குப் புரிந்தது.

"யாருக்கு சிஸ்டர் போனு?" அவள் முதுகைப் பார்த்துக் கேட்டான்.

பதில் இல்லை.

"சிஸ்டர்! யாருக்கு?"

பதில் இல்லை. 'இன்னா ராங்கி!' என்று நினைத்துக்கொண்டான்.

அவள் திரும்பினாள். "வண்டி வருது. அசையாம படு."

வண்டி வந்தது.

வெள்ளை வண்டி அல்ல. நீல ஜீப்!

அதிலிருந்து குதித்தவரைப் பார்த்ததும் அப்பாதுரை கண்ணை இறுக மூடிக்கொண்டான். கொடியில் காய்ந்த அதே காக்கிச் சட்டை! ஆனால் தோளில் தோல்பை இல்லை. கையில் லத்தி இருந்தது.

"இந்த மூஞ்சி..." ஹெட் கான்ஸ்டபிள் லாசரஸ் குனிந்து பார்த்தார். "பெருங்களத்தூர் ஏரி கேஸ் இல்ல நீ? மூணு மாசமா உன்னைத்தான்டா தேடறேன். என் வீட்டுக்கே வந்துட்டியா ராசா! தனசிங், தூக்கு இவனை. ஸ்டேஷனுக்கு விடு!"

"லாசரஸ்!" தபீதாளின் குரல் வார்டையே அதட்டிய குரல். "முதல்ல ஆஸ்பத்திரி. வழியில செத்தான்னா உன் கணக்குல எழுதிடுவாங்க."

ஜீப் பறந்தது. குரோம்பேட்டை தாண்டும்வரைதான் பறந்தது. பல்லாவரத்தில் நின்றுவிட்டது.

வெள்ளிக்கிழமை! சந்தை நாள்! ஜி.எஸ்.டி. ரோடு முழுக்கச் சைக்கிள், மாட்டு வண்டி, தலையில் கட்டிலைச் சுமந்துகொண்டு நடுரோட்டில் பேரம் பேசும் ஆட்கள்.

"சைரன் போடுங்க சார்..." என்று மூச்சு வாங்கினான் அப்பாதுரை.

"ரிப்பேர்" என்றார் டிரைவர் தனசிங்.

"ஆரனு?"

"அதுவும்தான்."

டப்... டப்... டப்...

அப்பாதுரை பொறுத்துப் பார்த்தான். முடியவில்லை. விலங்கு மாட்டிய கைகளை ஜீப்புக்கு வெளியே நீட்டி, இருந்த மூச்சையெல்லாம் திரட்டிக் கத்தினான்.

"ஓரம் போங்கடா டேய்! போலீஸ் வருது! போலீஸ் வருது!"

கூட்டம் பிளந்தது. ஆயுசில் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு அவன் ஓடாமல் உட்கார்ந்திருந்தது அன்றைக்குத்தான்.

மறுநாள்.

கண் விழித்தபோது அப்பாதுரையின் கையில் டிரிப்ஸ் இறங்கிக்கொண்டிருந்தது. காலில் விலங்கு. அதன் மறுமுனை கட்டிலில்.

பயந்துகொண்டே நெஞ்சுக்குக் காது கொடுத்தான்.

டக்... டக்... டக்...

கணீரென்று இருந்தது!

"கட்டியைக் கரைக்கிற ஊசி வேலை செஞ்சிருக்கு. இன்னொரு நாள் விட்டிருந்தா இந்நேரம் பெட் காலி. இனிமே மாத்திரையை ஒரு நாள்கூட விடக் கூடாது" என்று சொல்லிவிட்டு டாக்டர் நகர்ந்தார்.

கனகவல்லி கட்டிலோரம் நின்றுகொண்டிருந்தாள். அழுது வீங்கிய முகம். விலங்கையே பார்த்தாள்.

"வாட்ச்மேன் வேலைக்கு இன்னாத்துக்குய்யா இது?"

அவன் போர்வையை இழுத்து விலங்கை மூடினான்.

"உள்ள போனாலும் மாத்திரை குடுப்பாங்களாம். கேட்டுகினேன்" என்று மூக்கைச் சிந்தினாள். "துன்னு தொலை. நீ வந்தப்பறம் உன்னை நான் பேசிக்கிறேன்."

அவள் காபி வாங்கப் போனதும் லாசரஸ் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எல்லாம் உங்க அக்கா போட்ட பிச்சை சார்" என்றான் அப்பாதுரை. கண் கலங்கியது. "இன்னா காது சார் அது! மூணு துண்டைத் தாண்டி, சத்தம் மந்தமா கீதுன்னு கண்டுபுடிச்சாங்களே!"

லாசரஸ் அவனை விநோதமாகப் பார்த்தார்.

"காதா? யாருக்கு?"

"சிஸ்டருக்கு."

"யோவ், அக்காவுக்கு ரெண்டு காதும் சுத்தமா கேக்காதுய்யா! நாலு வருஷமாச்சு. உதட்டைப் பார்த்துத்தான் பேசும். ஸ்டேஷனுக்கு போன் பண்ணினாகூட ரெண்டு தரம் சொல்லிட்டு வெச்சுடும். நாங்க பதிலே சொல்றதில்லை."

அப்பாதுரையின் வாய் பிளந்தது.

"அ... அப்ப சத்தம்?"

"சும்மா அடிச்சு விட்டது! உன் கீறல் நிமிஷத்துல காஞ்சிருந்துதாம். மாத்திரை போடறவனுக்கு அப்படிக் காயாதாம். நிறுத்திட்டான்னு அதுலயே புரிஞ்சுபோச்சு. சத்தத்தைச் சொன்னாதான் நீ பயந்து நிப்பேன்னு ஒரு போடு போட்டுச்சு. கடைசியில கேட்டது யாரு? நீதானே?"

"அப்ப... அந்தக் கொடம் உருண்டது?"

"கேக்காது."

"நான் கத்துனது?"

"கேக்காது. நெத்தியில உன் வேர்வை சொட்டாம இருந்திருந்தா, நீ பீரோவையே தூக்கிட்டுப் போயிருக்கலாம்."

அப்பாதுரை மோட்டுவளையைப் பார்த்தான். லாசரஸ் வீட்டிலிருந்து எடுத்துவந்து கால் பக்கம் மடித்து வைத்திருந்த மூன்று துண்டுகளைப் பார்த்தான். அவை இன்னும் ஈரமாக இருந்தன.

"சார்..." என்று இழுத்தான். "செருப்பைக் கழட்டி, மூச்சை அடக்கி, நெஞ்சுல மூணு துண்டைச் சுத்திகினு வெந்து செத்தேனே சார்... பேண்டு செட்டே வெச்சிகினு போயிருக்கலாமே!"