பெரியவீட்டுக் காரின் வெள்ளைப் புகை

ராகலை டவுனுக்குக் கீழே இருக்கும் பாவாவின் கராஜ் வாசலில் அந்தக் கறுப்புக் கார் ஒரே வாரத்தில் மூன்றாவது தடவையாக வந்து நின்றபோது, பின்னால் வந்த வெள்ளைப் புகை பாதையையே மூடியிருந்தது. முதலில் பார்த்தவர்கள் பனிமூட்டம் இறங்குகிறது என்றுதான் நினைத்திருப்பார்கள். ஆனால் பனிமூட்டத்துக்கு நாற்றம் கிடையாது.

வாடகைக்கு அமர்த்திய டிரைவர் சாவியைப் பெஞ்சில் போட்டுவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்துவிட்டான். செல்லசாமி பின் கதவைத் தானே திறந்து இறங்கினார். எழுபத்து நான்கு வயதிலும் வளையாத முதுகு. மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. கைக்குட்டையை மட்டும் மூக்கிலிருந்து எடுக்கவில்லை.

இன்னும் ஐந்து நாளில் பேத்தி தனுஜாவுக்குக் கல்யாணம். பெரியவீட்டுப் பெண் தாத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்து, பெரியவீட்டுக் காரில்தான் கோவிலுக்கு வருவாள் என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லியாகிவிட்டது. கொத்மலையில் அவர்களும் பழைய கங்காணிக் குடும்பம். குலம் கோத்திரம் மூன்று தலைமுறைக்கு விசாரித்துவிட்டுத்தான் தட்டு மாற்றியிருந்தார்கள்.

கார் செல்லசாமியின் அப்பா வாங்கியது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் ஐந்நூறு பேரை ஒற்றைப் பார்வையில் நிறுத்திய பெரிய கங்காணி அவர். மகனை அந்தக் காரில் ஏற்றியதே இல்லை. மழையானாலும் பள்ளிக்கூடத்துக்கு நடந்துதான் போகவேண்டும். ஆண்பிள்ளை நடந்து வளரவேண்டும் என்பார். செல்லசாமி அதைக் கண்டிப்பு என்றே எண்ணி, போகிற இடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். அப்பா போனபின் காரை ஷெட்டில் வைத்துப் பூட்டி, வெள்ளிக்கிழமைகளில் சாம்பிராணி காட்டுவதோடு சரி. கல்யாணம் என்றதும்தான் அதற்கு மறுபடி உயிர் கொடுத்தார். பாவாவின் வாப்பா ஒருகாலத்தில் அந்தக் காரை ஓட்டியவர். அதனால் வேறு கராஜைத் தேடிப் போகவில்லை.

பாவா புகையைப் பார்த்தார்.

"நீலமா வந்தா ஆயில் எரியுது. கறுப்பா வந்தா பெட்ரோல் கூடிப்போச்சு. வெள்ளையா வந்தா தண்ணி உள்ள போகுதுங்க ஐயா. ஹெட் கேஸ்கட்தான் போயிருக்கும்."

ரேடியேட்டர் மூடியின் மேல் சாக்கைப் போட்டு மெல்லத் திருகினார். உள்ளே குமிழி குமிழியாகக் கொதித்துக்கொண்டிருந்தது. பிறகு ஆயில் மூடியைக் கழற்றி உட்பக்கத்தைக் காட்டினார். வெளிர் மஞ்சளாக, கட்டிகட்டியாக ஏதோ அப்பியிருந்தது. ஆயிலில் தண்ணீர் கலந்தால் அப்படித்தான் ஆகும், நூறு எஞ்சினில் பார்த்திருக்கிறேன் என்றார். சொல்லிக்கொண்டே அதை விரலில் தொட்டு முகர்ந்தவர், பேச்சை நிறுத்திவிட்டு விரலைக் காற்சட்டையில் தேய்த்துத் துடைத்தார்.

செல்லசாமிக்கும் அது எட்டியது. பச்சைக் குழந்தை கக்கிய பால் தோள்துணியில் காய்ந்து, மறுநாள் வீசுமே, அந்த வாடை. குழந்தைகளைத் தூக்குகிற பழக்கம் அவருக்கு எப்போதும் கிடையாது. பெற்ற பிள்ளைகளைக்கூடப் பால்குடி மறந்த பிறகுதான் மடியில் வைத்தார்.

பாவா பழைய ஆயிலை ஒரு தட்டில் வடித்தார். கராஜில் திரியும் சாம்பல் பூனை எங்கிருந்தோ வந்து, தட்டின் ஓரத்தில் குந்தி, கண்ணை மூடிக்கொண்டு நக்க ஆரம்பித்தது.

"பூனை ஆயில் குடிக்குமா?" என்று கேட்டார் செல்லசாமி.

"குடிக்காதுங்க."

பூனை தட்டைச் சுத்தமாக நக்கிவிட்டுத்தான் போனது.

இரண்டு நாளில் பாவா தனக்குத் தெரிந்ததை எல்லாம் செய்து முடித்தார். ஹெட்டைக் கழற்றி மட்டம் பார்த்தார், புதுக் கேஸ்கட் போட்டார், ரேடியேட்டரைக் குத்திக் கழுவினார், டிரைவர் கண்ணுக்குத் தெரிய ஒரு சூட்டு மீட்டரும் வைத்தார். உடப்புசல்லாவை வரை தனியாக ஓட்டிப் போய்த் திரும்பினார். முள் பாதியைத் தாண்டவில்லை. புகை துளியும் இல்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் செல்லசாமியைப் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டு அதே பாதையில் போனார்.

தேயிலை மலைகளுக்கு நடுவே பாதை ஏறித் திரும்பும் இடத்தில் ஒரு பீலி இருக்கிறது. பாறையிலிருந்து தகரக் குழாய் வழியாக இரவு பகலாகத் தண்ணீர் கொட்டும். எதிர்ப்பக்கம் பள்ளம். பாதிக்குக் கீழே மூட்டம் நிறைந்து, ஆழம் தெரியாது.

அந்த வளைவில் முள் எகிறியது.

பொனட்டின் இடுக்குகளிலிருந்து வெள்ளை ஆவி பீறிட்டது. கண்ணாடியில் தெறித்த துளிகள் தண்ணீரைப் போல வழிந்தோடவில்லை. கொழகொழவென்று ஒட்டிக்கொண்டு இறங்கின. செல்லசாமி இறங்கிப் பாதையோரம் போய் நின்று துப்பினார். வாயில் ஊறிய எச்சில்கூட இனித்தது.

பாவா நெடுநேரம் எஞ்சினைப் பார்த்தபடி நின்றார். ஆறவிட்டு, பீலித் தண்ணீரை ஊற்றினார். ஐயாவை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு, ஏற்றத்தில் இரண்டு தடவை போய்வந்தார். முள் அசையவில்லை. காரை நிறுத்திச் சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டார்.

"ஐயா, ஒரு நிமிஷம் ஏறி உக்காருங்க."

"எஞ்சினே ஓடலயே."

"உக்காருங்க."

செல்லசாமி உட்கார்ந்தார். பீலியின் சத்தம் மட்டும் கேட்டது.

முள் மெல்ல நகர்ந்தது.

பாதியைத் தாண்டியது.

நின்றுபோன எஞ்சினுக்குள், அடுப்பில் வைத்த பாத்திரம் போல, ஏதோ முணுமுணுத்துக் கொதித்தது.

இருவரும் பீலியடிக்குப் போன பிறகுதான் பாவா வாயைத் திறந்தார். கோபிக்கக்கூடாது என்று இரண்டு முறை சொல்லிக்கொண்டார். வாப்பா மௌத்தாவதற்கு முன் தன்னிடம் மட்டும் சொன்னது என்றார். பெரிய கங்காணியின் மனைவியான பெரியவீட்டு அம்மாவுக்குப் பிள்ளை தங்கவில்லை. தொழிலாளர் லயத்தில் வீரம்மா என்று கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி இருந்தாள். பிள்ளை அவளுக்குத்தான் பிறந்தது. அப்பன் பெரிய கங்காணி.

"பத்தாம் நாள் புள்ளய வாங்கிக்கிட்டு, வீரம்மா மாரை இறுக்கிக் கட்டி, வேற தோட்டத்துல கொண்டுபோய் விடச் சொல்லி இதே கார்ல ஏத்துனாங்களாம். உங்கப்பாவும் கூட வந்தாரு. சீட்டு நாறுதுன்னு வழியெல்லாம் ஏச்சு. இந்த எடத்துல கார் சூடாச்சு. நிப்பாட்டுனாங்க. அந்தப் பொண்ணுக்குப் பால் கட்டி வலி தாங்கல. தாய்ப்பாலை மிதிபடுற எடத்துல ஊத்தக்கூடாதே, பீலித் தண்ணியில விடலாம்னு, காரு மறைவுல தண்ணி டின்னுல பீச்சி வச்சிருக்கு. வாப்பா அது தெரியாம டின்ன எடுத்து ரேடியேட்டர்ல ஊத்திட்டாரு."

செல்லசாமி காரைத் திரும்பிப் பார்த்தார்.

"பெத்தவ பால் நெருப்புல கொதிக்கக்கூடாதுங்கய்யா. கொதிச்சா புள்ளைக்கு ஆகாதுன்னு சொல்லுவாங்களே. அந்தப் பொண்ணு பார்த்துக்கிட்டே நின்னுச்சாம். பொங்கி வழிஞ்சதும் பள்ளத்துப் பக்கம் திரும்பி நடந்திருச்சு. உங்கப்பா வண்டிய எடுன்னுட்டாரு. பிறகு ஒரு தரம் உங்கள மடியில வச்சு இந்தக் கார்ல ஏத்தியிருக்காங்க. அப்பயும் கொதிச்சிருக்கு. அதுக்குப் பிறகு உங்கள ஏத்தவேயில்ல."

மழையில் நடந்துபோன பள்ளிக்கூட நாட்கள் எல்லாம் செல்லசாமியின் கண்முன் வந்து நின்றன. ஏழு வருஷத்துக்கு முன், லயத்துப் பையனைக் கட்டிக்கொண்டு வந்த இளைய மகளை வாசலிலேயே மறித்து, அந்த வாடை இந்த வீட்டுக்குள் வரக்கூடாது என்று அனுப்பியதும் வந்தது. தன் கையை முகர்ந்து பார்த்தார். தோலை உரித்துப் போட்டாலும் போகாத இடத்தில் இருந்தது அந்த வாடை.

முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

"இந்தப் பேச்சு இந்த வளைவோட நிக்கணும், பாவா. கல்யாணம் முடியுற வரைக்கும் இல்ல. நான் சாகுற வரைக்கும்."

"வாப்பா சாகுற வரைக்கும் மூடி வச்ச வாய்தான் எங்களுது. ஆனா மூடவேண்டியது என் வாய் இல்லையேங்கய்யா" என்று சொல்லிவிட்டு, பாவா பொனட்டைப் பார்த்தார்.

காரைத் துண்டு துண்டாக வெட்டி இரும்புக்குப் போடச் சொன்னார் செல்லசாமி. தனுஜா வேறு வண்டியில் கோவிலுக்குப் போவாள். தாத்தாவுக்குக் காய்ச்சல் என்று சொல்லி, அவள் பக்கத்தில் உட்காராமல் அவர் வேறொன்றில் போய்க்கொள்வார். யார் கேட்கப்போகிறார்கள். ராகலைக்குப் போகும் பஸ் மேலேயிருந்து வந்தது. கையை நீட்டி நிறுத்தி, திரும்பிப் பார்க்காமல் ஏறி, ஜன்னல் பக்கம் காலியாக இருந்த சீட்டில் உட்கார்ந்தார். பக்கத்து இடமும் காலி. கைக்குட்டையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். இனி அதற்குத் தேவையில்லை.

பஸ் இரண்டு திருப்பம் இறங்கியிருக்கும்.

டிரைவர் சிங்களத்தில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு வண்டியை ஓரம் கட்டினார். முன்பக்கத்திலிருந்து வெள்ளையாக ஆவி எழுந்து கண்ணாடியை மூடியது. இறக்கத்தில் போய் எஞ்சின் சூடாகுமா என்று கண்டக்டர் வியந்தான். ஜன்னல்கள் திறந்தன. ஆட்கள் மூக்கைப் பிடித்தார்கள்.

கொழுந்துக் கூடையோடு முன் சீட்டில் இருந்த பேச்சியம்மா என்ற தோட்டத்துப் பெண் சுற்றுமுற்றும் தேடினாள்.

"பச்சப்புள்ளக்காரி யாரோ பஸ்ல இருக்கா போல. பால் வாடை வருது."

பஸ்ஸில் கைக்குழந்தை யாரிடமும் இல்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்த அவள் கண்கள் செல்லசாமியிடம் வந்து நின்றன. கொஞ்ச நேரம் அப்படியே பார்த்தாள். பிறகு, பெரிய மனிதரை நாலு பேர் முன்னால் சங்கடப்படுத்தக்கூடாது என்று நினைத்தவளைப் போல, குனிந்து மெதுவாகச் சொன்னாள்.

"ஐயா, வாய் ஓரத்துல வடியுது. தொடச்சுக்கங்க."

அவர் கையைத் தூக்கவில்லை. தூக்க முடியவில்லை.

பக்கத்துச் சீட்டின் பக்கமிருந்து ஒரு கட்டை விரல், கொழுந்து பறித்துக் காய்த்து வெடித்த விரல், அவர் உதட்டு ஓரத்தை மெதுவாக, மிக மெதுவாகத் துடைத்தது.

சீட் காலியாகத்தான் இருந்தது. கைக்குட்டை மடிப்புக் கலையாமல் மடியிலேயே கிடந்தது.