சிரிப்புக்குத் தனி மைக்

போன் அலறியது!

கேமரா பேட்டரி வாங்கிக்கொண்டு உள்ளே வந்த உம்மணாமூஞ்சி, வாசலிலேயே உறைந்தான்.

தரையில் மச்சான்! பின்னந்தலையில் ரத்தம். பக்கத்தில் விளக்கு ஸ்டாண்ட், வளைந்து கிடந்தது.

மூச்சு இல்லை.

போனில் அக்கா.

"டேய், இன்னிக்கு சிரிப்பு இன்னும் வரலையேடா... உன் மச்சான் தூங்கிட்டாரா?"

"அப்புறம் பேசுறேன்க்கா..."

அழுகை வரவில்லை. உடம்பே மரத்துப் போயிருந்தது.

உம்மணாமூஞ்சி... வீடியோவில் அவனுக்கு அதுதான் பெயர். பிழைக்க வந்த நாட்டின் அரசியலை, துளிகூடச் சிரிக்காமல் வாருவான். கேமராவுக்குப் பின்னாலிருந்து மச்சான் அடக்க முடியாமல் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்கே ஒரு கூட்டம் உண்டு.

இன்றைக்குச் சிக்கியவர் மேயர்!

கதவு படீரென்று திறந்தது. இன்ஸ்பெக்டர்!

"என்னடா பண்ணி வச்சிருக்க?"

"சார்... நான் இன்னும் போலீசுக்கே சொல்லலையே?"

"ரோந்துல வந்தேன். நீ இந்த ஊர்க்காரனா?"

"இல்ல சார்."

"ஓட்டு இருக்கா?"

"இல்ல."

"அப்புறம் உனக்கென்னடா அரசியல்?"

"ஓட்டு போட்டவங்க நொந்து போயிருக்காங்க சார். சிரிக்கிறதுக்காவது வெளியாள் வேணும்ல?"

பளார்!

கன்னம் வலிக்கவில்லை. அதுவும் மரத்துவிட்டது.

"கேமரால கார்டு இல்ல. உன் சட்டை மைக்கும் இல்ல. ரெண்டு பேருக்கும் சண்டை... நீ போட்டுத் தள்ளிட்ட. ஒத்துக்கோ! இல்லன்னா உன் குடும்பத்தையே நாடு கடத்திருவேன்!"

உம்மணாமூஞ்சி மேஜையில் சாய்ந்தான். கை மெல்ல அடியில் போனது.

அங்கே டேப் போட்டு ஒட்டிய ஒரு குட்டி மைக். மச்சானின் சிரிப்புக்கென்றே தனியாக வைத்தது! நிறுத்தினால், பதிவு நேராக அக்காவின் கம்ப்யூட்டருக்குப் போய்விடும். சிரிப்பை வெட்டி ஒட்டி வீடியோவை ஏற்றுவது அக்காதான்.

அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது...

நிறுத்தினான்.

"கொஞ்சம் யோசிக்கிறேன் சார்."

மச்சான் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டான். ஜில்லென்றிருந்தது.

கால் மணி நேரம் கழித்து, மறுபடி போன்! இன்ஸ்பெக்டரே பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டார்.

"சிரிப்பு வந்துச்சுடா..." அக்காவின் குரல் வறண்டிருந்தது. "பாதியிலயே நின்னுடுச்சு. 'மேயர் வீடியோவ அழிடா'ன்னு ஒருத்தன் கத்துறான்... டொம்முனு ஒரு சத்தம். அப்புறம் ரொம்ப நேரம் ஒண்ணுமே இல்ல. கடைசில உன்கிட்ட ஓட்டு இருக்கான்னு கேக்குறானே... அதே குரல்டா!"

இன்ஸ்பெக்டரின் முகம் வெளிறியது.

"ஏய்... அழி! உடனே அழி!"

"இதே குரல்தான்." அக்கா அழவில்லை. "அப்பவே ஏத்திட்டேன். ஊரே கேட்டுட்டு இருக்கு."

வெளியே மாடிப்படியில் ஊர்க்காரர்களின் கூச்சல், தடதடவென்று காலடிகள்...

உம்மணாமூஞ்சி நிமிர்ந்தான். முகத்தில் ஒன்றுமே இல்லை.

"எங்க வீடியோல உள்ளூர்க்காரங்க ஒருத்தர்கூட நடிக்கலன்னு ஒரு குறை இருந்துச்சு சார்... நீங்க தீர்த்து வச்சிட்டீங்க!"