நிபுணருக்குக் காற்று வேண்டும்

நிபுணர் பகல் பன்னிரண்டு மணிக்கு வந்தார். கையில் ஒரு லேப்டாப், பையில் இன்னொரு லேப்டாப். எதற்கு இரண்டு என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்கக்கூடிய ஒரே ஆள் பட்டறை மூலையில் உட்கார்ந்து சதுரங்கக் காய்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்குப் பட்டறையில் வைத்த பெயர் கேள்விக்குறி. பட்டறை அவள் அம்மாவுடையது. பானெட் திறந்து நின்ற கார் அத்தையுடையது. நான்கு மணிக்குச் சதுரங்கப் போட்டி. கேள்விக்குறியையும், வழியில் ஏறிக்கொள்ளும் அவள் அணியின் மற்ற மூவரையும் அத்தைதான் அந்தக் காரில் கூட்டிப் போக வேண்டும். மூன்று மணிக்குக் கிளம்பாவிட்டால் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. அணியின் பெயரை அடித்துவிடுவார்கள்.

காரோ நின்ற இடத்திலேயே குலுங்கி, இருமி, அணைந்துகொண்டிருந்தது.

"பழைய காத்துக் குழாய் வெடிச்சுப் போச்சு. கொஞ்சம் அகலமானதுதான் கெடச்சுது" என்றாள் அம்மா. "அகலமான குழாய்ல காத்து மெதுவாப் போகும். உள்ளே இருக்கிற சென்சார், காத்து கம்மியா வருதுன்னு நெனச்சுக்குது. அதனால எஞ்சினுக்குப் பெட்ரோலும் கம்மியாப் போகுது. புதுக் குழாய்க்கு ஏத்த மாதிரி அந்தக் கணக்கை மாத்திக் குடுங்க."

நிபுணர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "இதைக் கணக்கு என்று சொல்லக் கூடாது அம்மா. அளவீட்டுச் சீரமைப்பு என்று சொல்ல வேண்டும்."

"எப்படி வேணா சொல்லுங்க, மூணு மணிக்குள்ள சொல்லிடுங்க" என்றாள் அத்தை.

அம்மா வேறொரு வண்டிக்கு அடியில் படுத்து வேலையைத் தொடர்ந்தாள்.

நிபுணர் முதலில் காற்றுக் குழாயின் வாயில் மாட்டியிருந்த ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றி ஓரமாக வைத்தார். "சென்சாரின் முகத்தைப் பார்க்காமல் நான் வேலை செய்வதில்லை." அடுத்து நெற்றியைத் துடைத்தார். "எனக்கு வியர்த்தால் கவனம் சிதறும். ஒரு ஃபேன் கிடைக்குமா?"

நின்று சுழலும் பெரிய ஃபேனை அத்தை இழுத்து வந்து வைத்தாள். அது இடமும் வலமும் திரும்பியது. நிபுணர் சொன்னதற்கெல்லாம் பட்டறையில் தலையாட்டியது அது ஒன்றுதான்.

மணி ஒன்றானது. இரண்டானது. லேப்டாப்பில் காற்றின் அளவு நான்கு என்று காட்டியது. பிறகு ஒன்பது. பிறகு நான்கு. நிபுணர் ஒன்பதுக்குத் தகுந்தபடி கணக்கை மாற்றினால் அது நான்குக்குப் போனது. நான்குக்கு மாற்றினால் ஒன்பது.

"விசித்திரமான எஞ்சின்!" என்றார் நிபுணர். "இப்படி ஒன்றை நான் எங்கும் பார்த்ததில்லை."

"எங்க வீட்டுக்கு வந்தா எல்லாம் அப்படித்தான் ஆயிடும்" என்றாள் அத்தை. அவள் முகம் வாடியிருந்தது.

கேள்விக்குறி எழுந்து வந்து திரையைப் பார்த்தாள். ஃபேனைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள்.

"சென்சார் காத்தை எப்படி அளக்குது?"

"அதற்குள் ஒரு சூடான கம்பி இருக்கிறது பாப்பா. காற்று பட்டால் கம்பி ஆறும். எவ்வளவு ஆறுகிறதோ அவ்வளவு காற்று. உனக்குப் புரியாது."

கேள்விக்குறி சதுரங்கப் பலகையை எடுத்துக்கொண்டு ஃபேனுக்கு முன்னால் போய் நின்றாள்.

நான்கு. நான்கு. நான்கு.

"ஆகா!" நிபுணர் துள்ளினார். "சரிசெய்துவிட்டேன்! ஆனால்... இங்கே ஏன் இப்படிப் புழுங்குகிறது? நகரு பாப்பா, காற்றை மறைக்காதே."

அவள் நகர்ந்தாள். ஒன்பது.

"ஐயையோ!"

அவள் மறைத்தாள். நான்கு. நகர்ந்தாள். ஒன்பது. மூன்றாவது முறை நிபுணர் திரையை விட்டு ஃபேனைப் பார்த்தார். அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்கு அடிக்கிற காத்து, திறந்த குழாய்க்கும் அடிக்குது" என்றாள் கேள்விக்குறி. "ஃபேனை நிறுத்திடலாமா? ஃபில்டர் பெட்டியையும் மாட்டிடலாம். ஓடும்போது அதோடதானே ஓடும்?"

வண்டிக்கு அடியிலிருந்து அம்மாவின் தலை வெளியே வந்தது. "அதைக் கழட்டிட்டா அளந்தீங்க?"

நிபுணர் பெட்டியை மாட்டினார். ஃபேனை அவரே நிறுத்தினார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கேள்விக்குறி ஓர் அட்டையை எடுத்து, எஞ்சின் பக்கம் காற்று போகாதபடி அவருக்கு விசிறினாள். இருபத்தைந்து நிமிடத்தில் எஞ்சின் ஒரே சீராக ஓடியது.

பிறகு நிபுணர் தாளில் அழகாக எழுதினார்: 'கோளாறு: சுற்றுச்சூழல் வளிக் குறுக்கீடு.'

"அப்படின்னா என்ன?" என்றாள் கேள்விக்குறி.

அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குனிந்தார். "ஃபேன்மா" என்றார். முதலில் சிரித்ததும் அவர்தான்.

"சிரிச்சது போதும், ஏறு!" என்று அத்தை ஹாரனை அடித்தாள்.

மூன்று மணிக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது கார் குலுங்காமல் தெருவில் இறங்கியது.